சிவகாசித் தீப்பெட்டி வேலைக்குப் பிள்ளைகள் ஏன் போனார்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

குழந்தைத் தொழிலாளர் பேச்சை எடுத்தாலே "எல்லாம் வறுமைதான் காரணம்" என்று முடித்துவிடுகிறோம். அது பொய்யில்லை. ஆனால் 1970களிலும் 80களிலும் தமிழ்நாட்டில் வறுமை சிவகாசியைச் சுற்றி மட்டுமா இருந்தது? தருமபுரியில் இருந்தது, புதுக்கோட்டையில் இருந்தது, ராமநாதபுரத்துக் கடலோரத்தில் இருந்தது. அங்கெல்லாம் பிள்ளைகள் ஆடு மேய்த்தார்கள், களை எடுத்தார்கள், தம்பி தங்கையைத் தூக்கிச் சுமந்தார்கள். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்திலோ விடியுமுன் ஊருக்குள் பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது. இருட்டிய பிறகு கொண்டுவந்து இறக்கிவிட்டது. ஏழை வீடு பிள்ளையை வேலைக்கு அனுப்பத் தயாராக இருந்தால் மட்டும் போதாது, அந்தப் பிள்ளைக்கென்று ஒரு வேலையும் காத்திருக்க வேண்டும். இங்கே அந்த இரண்டாவது பாதியைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். நம் பேச்சில் எப்போதும் விடுபட்டுப்போவது அதுதான்.

நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீப்பெட்டித் தொழிலில் பிள்ளை கொண்டுவந்த கூலியைக் குடும்பத்துக்குக் கிடைத்த கூடுதல் வரும்படி என்று நினைக்கிறோம். தாய்க்கு நியாயமாகத் தந்திருக்க வேண்டிய கூலியில் பிடித்துக்கொண்ட பங்குதான் மகளின் கை வழியாக வீட்டுக்கு வந்தது.

ஊரும் தொழிலும்

வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பெய்தால் பருத்தி, கம்பு, சோளம். பொய்த்தால் ஒன்றுமில்லை. 1922-ல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அடுத்த ஆண்டு தொழில் தொடங்கியது. காற்றில் ஈரம் குறைவு என்பதால் குச்சியும் மருந்தும் சீக்கிரம் காயும். வெள்ளாமை இல்லாத மாதங்களில் வேலை தேடி நின்றவர்களுக்கோ குறைவே இல்லை. தொழில் வேர்பிடித்தது.

அதே 1923-ல் சுவீடன் நாட்டு முதலீட்டோடு விம்கோ நிறுவனம் இயந்திரத் தீப்பெட்டியைக் கொண்டு இந்தியச் சந்தைக்குள் வந்தது. இயந்திரத்தோடு போட்டி போட வேண்டிய கைத்தொழிலுக்குக் கூலி மலிவைத் தவிர வேறு பலம் கிடையாது. 1934-ல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தது. விடுதலைக்குப் பிறகு கைத்தொழிலைக் காப்பாற்ற வேண்டும் என்று அரசு வரியைப் படிப்படியாக வகுத்தது: இயந்திர ஆலைக்குக் கூடுதல், கையால் செய்தால் குறைவு, குடிசைத் தொழில் என்றால் அதைவிடக் குறைவு. நோக்கத்தில் குற்றம் சொல்ல முடியாது. வறண்ட பகுதியில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேலை கிடைத்ததும் இதனால்தான்.

ஆனால் இந்த வரி ஒரு விபரீதத்தையும் உண்டாக்கியது. பெரிதாக வளர்ந்தால் வரி ஏறும். ஆகவே நன்றாக வளர்ந்த முதலாளிகள் ஒரே ஆலையாக வளரவில்லை. மனைவி பெயரில் ஒன்று, மைத்துனர் பெயரில் ஒன்று என்று சின்னச் சின்ன தீப்பெட்டி ஆபீஸ்களாகப் பிரிந்தார்கள் (தீப்பெட்டிப் பட்டறையை அங்கே ஆபீஸ் என்பார்கள்). 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமோ, மின்சாரம் பயன்படுத்தாத இடத்தில் 20 பேராவது வேலை செய்தால்தான் அன்று பொருந்தியது. அதற்குக் கீழே உள்ள ஆபீஸுக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வரமாட்டார். வரிக்காகப் போட்ட பாகப்பிரிவினை பிள்ளைகளை ஆய்வாளர் கண்ணிலிருந்து மறைக்கவும் தோதாகிவிட்டது. காரணங்களைப் பட்டியல் போடும்போது வரிக்கொள்கையை யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும்.

பதிவேட்டில் இருந்த 2,941 பேர்

1985 டிசம்பர் 31 நிலவரப்படி சிவகாசி வட்டாரத்தில் பதிவு பெற்ற தீப்பெட்டித் தொழிற்சாலைகள் 221. அவற்றில் வேலை பார்த்தவர்கள் 27,338 பேர், அதில் குழந்தைகள் 2,941 பேர். உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பதிவாகியிருக்கும் கணக்கு இது. ஏறத்தாழ நூற்றுக்குப் பதினொருவர்.

இதை அப்படியே எடுத்துக்கொண்டால் பெரிய தவறாகிவிடும். பதிவு பெற்ற ஆலைகள், அவர்களே எழுதிவைத்த பெயர்கள்: இந்தக் கணக்கு அவ்வளவுதான். பதிவு பெறாத ஆபீஸ்கள் வெளியே. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிய பிள்ளைகள் வெளியே. தாயோடு ஆபீஸுக்குப் போய், தாயின் கணக்கிலேயே தன் வேலையையும் ஏற்றிவிட்டு வந்த சிறுமி எந்தப் பதிவேட்டிலும் தனி ஆளாக வரமாட்டாள். அந்தக் காலத்தில் வெளியான மற்ற மதிப்பீடுகள் இதைவிடப் பல மடங்கு பெரியவை. யார் கூட்டிச் சொன்னார்கள், யார் குறைத்துச் சொன்னார்கள் என்ற சண்டையைவிட, எண்ண முடியாத விதமாகவே அந்த வேலை அமைந்திருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கட்டைக்கு இவ்வளவு கூலி

கட்டை அடுக்கும் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். தரையில் உட்கார்ந்து செய்யும் வேலை. எதிரே மரச்சட்டம். வரிவரியாகப் பள்ளம் வெட்டிய மெல்லிய பலகை ஒன்றைச் சட்டத்துக்குள் வைத்து, ஒரு பிடிக் குச்சியை அதன்மேல் பரப்பி உள்ளங்கையால் தேய்த்தால், குச்சிகள் ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் விழும். மிஞ்சியதை வழித்துவிட்டு அடுத்த பலகை. இப்படி வரிசைமேல் வரிசையாக ஏற்றி இறுக்கினால் ஒரு கட்டை. குச்சி முனைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஏறி இறங்கி நின்றால் மருந்து சரியாகப் பிடிக்காது. பிறகு மெழுகில் தோய்த்து, பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் பசையும் சேர்ந்த மருந்தில் முக்கிக் காயவைப்பார்கள். மருந்து முக்குவது பெரும்பாலும் ஆண்கள் வேலை. கட்டை அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, குச்சி அடைப்பது, லேபிள் ஒட்டுவது எல்லாம் பெண்களும் சிறுமிகளும்.

இதெல்லாம் பிஞ்சு விரலுக்குத்தான் வரும் என்று காலங்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1990-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே, பிரித்து அடுக்கும் வேலைக்கு இளம் கைகள் ஏற்றவை என்ற எண்ணம் இடம்பெற்றது. ஆபத்தான உற்பத்தி இடத்திலிருந்து விலக்கி, பேக்கிங்கில் பிள்ளைகளை வைத்துக்கொள்ளலாம், பெரியவர்களின் குறைந்தபட்சக் கூலியில் 60 விழுக்காடாவது தர வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். ஆனாலும் ஒரே வேலைக்குப் பிள்ளை என்றால் குறைத்துக் கொடுக்கலாம் என்பதை அது ஒப்புக்கொண்டுவிட்டது. அந்த விரல் கதை உண்மையா என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1990களில் இந்தியக் கம்பளத் தொழிலில் ஆராய்ந்து பார்த்தது. நுணுக்கமான முடிச்சுப் போடுவதில் குழந்தைகளுக்குத் தனித்திறமை எதுவும் இல்லை என்றே தெரிந்தது. கட்டை அடுக்குவதிலும் பழகிய பெண்ணின் கை சிறுமியின் கையைவிட வேகமாகத்தான் ஓடும்.

அப்புறம் ஏன் பிள்ளைகள்? கூலி நாளுக்கு அல்லாமல் எண்ணிக்கைக்கு என்பதில்தான் விடை இருக்கிறது. ஒரு கட்டைக்கு இவ்வளவு, இத்தனை பெட்டிக்கு இவ்வளவு. முதலாளிக்கு யார் அடுக்கினார்கள் என்பது பொருட்டில்லை. ஒரு பேச்சுக்கு, வீட்டுச் செலவைத் தள்ள நாளுக்குப் பதினைந்து கட்டையின் கூலி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தாயால் முதுகு ஒடிய அடுக்கினாலும் பத்துதான் முடிகிறது. மீதி ஐந்தை யார் அடுக்குவது? மகள். கட்டைக்குத் தரும் கூலி ஒன்றரை மடங்காக இருந்திருந்தால் அந்தப் பத்தே போதும், மகள் பள்ளிக்கூடம் போயிருப்பாள். தாயும் மகளும் சேர்ந்து உழைத்தால் வயிறு கழுவலாம் என்ற அளவில் கூலி ஒரு தடவை நின்றுவிட்டால், மகளை அனுப்பாத வீடு பட்டினி கிடக்கும். எல்லாரும் பிள்ளைகளை அனுப்ப அனுப்ப வேலைக்கு ஆள் பெருகும், கூலி ஏறாது. ஏறாத கூலி அடுத்த பிள்ளையையும் இழுக்கும். இந்தச் சுழலில் வறுமை காரணமாகவும் இருந்தது, விளைவாகவும் இருந்தது.

இதற்கு மேல் முன்பணம். பஞ்ச மாதத்திலோ கல்யாணச் செலவுக்கோ ஆபீஸில் வாங்கிய தொகை பிள்ளையின் வேலையில்தான் கழியும். கழியும்வரை நிறுத்த முடியாது. ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்துவிடும் ஏஜெண்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கிடைத்தது. ஆபீஸ் பஸ் என்பது பெற்றோருக்கு வசதியாகவும் பாதுகாப்பாகவும்கூடத் தெரிந்தது. "வீட்டு வாசலில் ஏற்றி வாசலில் இறக்கிவிடுகிறார்கள்" என்ற நிம்மதி, நாலு மைல் தள்ளியிருந்த நடுநிலைப் பள்ளி விஷயத்தில் எந்தப் பெற்றோருக்கும் கிடைக்கவில்லை.

வீட்டுக்குள்

வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் சிறுமிகள். பையன் படித்தால் வீட்டுக்கு ஆவான், பெண் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள்: இந்த எண்ணம் வேலை செய்தது. அவள் கல்யாணத்துக்கு நகை சேர்க்க வேண்டும், அதை அவளே சம்பாதிக்கட்டும் என்பதும் சேர்ந்துகொண்டது. ஐந்தாம் வகுப்போடு ஊர்ப் பள்ளி முடியும். அடுத்ததற்குப் பக்கத்து ஊர் போக வேண்டும். பத்து, பதினோரு வயதில் பெண்பிள்ளையைத் தனியே அனுப்பத் தயங்கிய வீடுதான் அதே பிள்ளையை ஆபீஸ் பஸ்ஸில் ஏற்றியது. பலருக்கு அதற்கும் முன்பே படிப்பு நின்றிருந்தது. தாய் வேலைக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்க்க மூத்தவள் நிற்க வேண்டும். இரண்டு வருஷம் பள்ளியை விட்டு நின்றவளைத் திரும்பவும் வகுப்பில் உட்காரவைக்க யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த இடம் ஆபீஸ்தான்.

தகப்பன் குடிதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். பல வீடுகளில் அது உண்மை, அதன் வலியைச் சுமந்தவர்கள் அந்தச் சிறுமிகள். ஆனால் ஓர் ஊரின் அத்தனை தெருவிலிருந்தும் பிள்ளைகள் பஸ் ஏறும்போது, தனித்தனி அப்பன்களின் குணத்தை வைத்து அதற்கு விளக்கம் சொல்லிவிட முடியாது.

பள்ளியில் சாப்பாடு போட்டால் வருவார்கள் என்று நினைத்தவர்களில் ஒருவர் இந்த மண்ணைச் சேர்ந்தவர்தான். விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சராக இருந்து 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது தீப்பெட்டி வட்டாரத்துக்குள்ளேயே இருக்கும் எட்டயபுரத்தில். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். லட்சக்கணக்கான பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்த திட்டம். ஆனாலும் இதே வட்டாரத்தில் பிள்ளைகள் ஆபீஸுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். பள்ளிச் சாப்பாடு அந்தப் பிள்ளையின் ஒருவேளைப் பசியைத் தீர்த்தது. அவள் அடுக்கிய ஐந்து கட்டைக்கு ஈடான பணத்தை அதனால் வீட்டுக்குத் தர முடியாது.

சட்டம் போட்டும்

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1938-லேயே வந்த குழந்தைகள் வேலை நியமனச் சட்டம் தீப்பெட்டித் தயாரிப்பைத் தடைப் பட்டியலில் வைத்திருந்தது. அரசமைப்பின் 24-ஆம் பிரிவு 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் தொழிற்சாலையிலும் ஆபத்தான வேலையிலும் வைக்கக் கூடாது என்கிறது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் முறைப்படுத்தல் சட்டம். ஆனால் 1938 சட்டத்திலும் சரி, 1986 சட்டத்திலும் சரி, ஒரு விலக்கு இருந்தது: தன் குடும்பத்தார் உதவியோடு ஒருவர் நடத்தும் பட்டறைக்குத் தடை பொருந்தாது. பெட்டி ஒட்டும் வேலையை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் முடிந்தது. பசையும் காகிதமும் ஆபீஸ் தரும், கூலியை ஆபீஸ் தீர்மானிக்கும், சட்டத்தின் பார்வையில் மட்டும் அது "குடும்பத் தொழில்". ஓர் ஓட்டை என்று இதைச் சொல்வதே குறைவு. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வேலை இந்தத் தொழிலில் ஒரு பெரிய பங்கு.

1996 டிசம்பர் 10-ல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு வேறு தினுசானது. பெற்றோர் விருப்பமில்லாமலே பிள்ளையை அனுப்ப வறுமைதான் அடிப்படைக் காரணம் என்று அதுவும் சொன்னது. ஆனால் பரிகாரத்தைப் பெற்றோருக்குப் புத்திமதி சொல்வதில் தேடவில்லை. பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் மறுவாழ்வு நிதியில் கட்ட வேண்டும். அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒரு வேலை கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும். முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். அந்த 25,000 ரூபாயின் வட்டி, பிள்ளை பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும் காலம்வரை குடும்பத்துக்கு. பிள்ளையின் இடத்தில் பெரியவர் என்ற இந்தச் சூத்திரத்தை நான் மிகவும் மதிக்கிறேன். நோயின் வேரைத் தொட்ட சிந்தனை அது. சிக்கல் என்னவென்றால், 20,000 ரூபாய் கட்டவைக்க முதலில் அந்தப் பிள்ளை ஒரு முதலாளியின் பதிவேட்டில் இருக்க வேண்டும். திண்ணையில் பெட்டி ஒட்டியவளுக்கு முதலாளி யார் என்று எந்த ஆய்வாளரால் நிறுவ முடியும்?

எப்படிக் குறைந்தது

இன்று சிவகாசி, கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலைகளுக்குப் போனால் அந்தப் பழைய காட்சி இல்லை. இதற்கு ஒரே காரணம் தேடினால் கிடைக்காது. 1980களின் இறுதியில் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் இருந்தன. அங்கே படித்த பிள்ளைக்கு மாதம் 100 ரூபாய், பிறகு 150, பிறகு 400 என்று உதவித்தொகை. பெண் இவ்வளவு வகுப்பு படித்திருந்தால்தான் திருமண உதவி என்று 1989-ல் வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம், கல்யாணத்துக்காக வேலைக்கு அனுப்பிய வீட்டில் கணக்கைத் திருப்பிப் போட்டது. பஸ் பாஸ், மிதிவண்டி, பக்கத்திலேயே நடுநிலைப் பள்ளி. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம். அடுத்து, பேசப்படாத ஒன்று: வீட்டில் பிள்ளைகள் எண்ணிக்கையே குறைந்துவிட்டது. இரண்டு பிள்ளை வீட்டில் மூத்தவளைக் கைக்குழந்தைக்குக் காவல் வைக்க வேண்டிய காலம் சில ஆண்டுகளே.

கூலிப் பக்கத்திலும் மாற்றம் வந்தது. நூறுநாள் வேலைத் திட்டமும் வெளியூர் மில், கட்டட வேலைகளும் பெண்களுக்கு வேறு வாசல்களைத் திறந்தன. ஆபீஸுக்கு ஆள் கிடைப்பது சிரமமானதும் கூலியைக் கூட்ட வேண்டி வந்தது, இயந்திரமும் வந்தது. பிள்ளைகளை நிறுத்தினால் தொழிலே அழிந்துவிடும் என்று ஒரு காலத்தில் பயமுறுத்தினார்கள். தொழில் அழியவில்லை. 50 காசுத் தீப்பெட்டி 2007-ல் ஒரு ரூபாயானது, 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயானது. நாமும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இதில் சங்கடமான ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். பிள்ளையின் இடத்துக்குப் பெரியவர் என்று நீதிமன்றம் நினைத்தது. பல ஆபீஸ்களில் பிள்ளையின் இடத்துக்கும் தாயின் இடத்துக்கும் சேர்த்து இயந்திரம் வந்தது. கையால் செய்த சிறு ஆபீஸ்கள் பல மூடிவிட்டன. பிள்ளைகள் வெளியேறியது முழு வெற்றி, அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. ஆனால் அந்தத் தாய்களுக்கு ஈடாக என்ன கிடைத்தது என்று கேட்டவர்கள் குறைவு.

மீதி இருப்பது

வடிவம் மாறி அதே கணக்கு தொடர்ந்ததற்கு நூற்பாலைகள் சாட்சி. மூன்று ஆண்டு விடுதியில் தங்கி வேலை பார்த்தால் முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, 2000-க்குப் பிறகு தென் மாவட்டங்களின் வளரிளம் பெண்களை மேற்கு மாவட்ட மில்கள் பெருமளவில் இழுத்தன. ஊரில் சுமங்கலி திட்டம் என்றார்கள். ஏஜெண்ட், வாகனம், கல்யாணச் செலவு, ஒடுக்கிய கூலி: தீப்பெட்டியில் பார்த்த அத்தனையும் அங்கே இருந்தன. செங்கல் சூளையில் இன்றும் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று குடும்பத்துக்கே மொத்தமாகக் கூலி பேசி, முன்பணம் கொடுத்துக் கூட்டிவருகிறார்கள். கல்லைப் புரட்டிப் போடும் ஏழு வயதுப் பிள்ளைக்குச் சூளையில் பெயரே கிடையாது.

2016 திருத்தம் 14 வயதுக்குக் கீழ் எந்த வேலையிலும் குழந்தைகளை வைக்கக் கூடாது என்று தடையை முழுமையாக்கியது. 14 முதல் 18 வரை ஆபத்தான வேலைகளுக்குத் தடை. பள்ளி நேரம் போக ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற விலக்கு நீடித்தது. 1938-லிருந்து தொடரும் விலக்கு அது. அடுத்த ஆண்டு இந்தியா பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் இரண்டு உடன்படிக்கைகளையும் ஏற்றது: வேலைக்குச் சேரும் குறைந்தபட்ச வயது பற்றிய 138, குழந்தைத் தொழிலின் மிக மோசமான வடிவங்கள் பற்றிய 182. உலக அளவில் 2020-ல் 16 கோடியாக இருந்த குழந்தைத் தொழிலாளர் எண்ணிக்கை 2024-ல் 13.8 கோடி என்று அந்த அமைப்பும் யுனிசெஃபும் மதிப்பிட்டிருக்கின்றன. அதில் பத்துக்கு ஆறு பேர் வயல்களில், பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தோடு.

அதனால்தான் ஆய்வுக்குப் போகும் அதிகாரிகள் பிள்ளைகளை மட்டும் தேடினால் போதாது என்கிறேன். சோதனை வருகிறது என்றால் பிள்ளைகளைப் பின்வாசலில் அனுப்பிவிடலாம். கூலி விகிதத்தை அப்படி ஒளிக்க முடியாது. ஒரு கட்டைக்கு, ஆயிரம் கல்லுக்கு, நூறு பெட்டிக்கு என்ன தருகிறார்கள் என்று கேட்டு, ஒரு பெரியவர் எட்டு மணி நேரத்தில் எத்தனை முடிக்க முடியும் என்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்து, அது அந்த வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியைத் தொடுகிறதா என்று சரிபார்க்க வேண்டும். தொடவில்லை என்றால், கண்ணில் ஒரு பிள்ளையும் படாவிட்டாலும் அங்கே பிள்ளைகள் வேலை செய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு நடவடிக்கையைத் தொடங்கலாம். வேலையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் ஆளையே சட்டப்படி முதலாளியாக எழுதவும் வேண்டும்.